பிள்ளைக்கு "வளர்ற ராடு" வைக்கிறோம்னு சொன்னா ஸ்டிக்கரக் கேட்டு வாங்குங்க

நாங்க தங்கச்சிமடம். எங்க வீட்டுக்காரக போட்டுக்குப் போறவுக. மகனுக்கு இப்ப 7 வயசு, பொறந்ததுல இருந்தே எலும்பு சும்மா சும்மா ஒடையும், கண்ணுல வெள்ளை இருக்க வேண்டிய இடம் நீலமா இருக்கும். ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டானு பேரு, எலும்புக்கு உறுதி குடுக்குற கொலாஜன் சரியா அமையாம பொறக்குறது. இதே மாதிரி பிள்ளை வச்சிருக்கவுக தயவு செஞ்சு முழுசாப் படிங்க.

5 வயசுல வலது தொடை மூணாவது தடவ ஒடஞ்சு வில்லு மாதிரி வளஞ்சு போச்சு. ஒரு தனியார் ஆஸ்பத்திரில காட்டுனோம், எலும்ப ரெண்டு மூணு எடத்துல வெட்டி நிமித்தி உள்ள ராடு கோர்க்கணும்னாங்க. "சாதா ராடு இல்லம்மா, வளர்ற ராடு, பிள்ளை வளர வளர அதுவும் நீளும், திரும்பத் திரும்ப ஆபரேஷன் வேணாம்"னு டாக்டரே சொன்னாரு. ராடுக்கு மட்டும் தனியா 90 ஆயிரம். அப்ப மீன்பிடி தடைக்காலம் வேற, ஏப்ரல் 15ல இருந்து 61 நாளு போட்டெல்லாம் கரையில கிடக்கு, கையில காசே இல்ல, என் செயினையும் நாத்தனா வளையலையும் அடகு வச்சுத்தான் கட்டுனோம். பில்லுல "இம்பிளான்ட்"னு (உடம்புக்குள்ள வைக்கிற பொருளுக்குப் பொதுப் பேரு) ஒத்த வார்த்தை போட்டிருந்தாங்க, நாங்களும் கேட்கல.

ஒன்றரை வருஷம் நல்லா இருந்தான். சுவரப் பிடிச்சு நடந்தான். ஒருநாள் ஸ்கூல்ல பெஞ்ச விட்டு எந்திரிச்சவன் அப்படியே உக்காந்துட்டான், அதே தொடை.

இந்தத் தடவ மதுரைல வேற டாக்டர்ட்ட போனோம். அவரு எக்ஸ்ரேய லைட்டுல மாட்டி என்னையப் பக்கத்துல கூப்பிட்டு விரல் வச்சுக் காட்டுனாரு. வளர்ற ராடுன்னா ரெண்டு துண்டு இருக்குமாம், மேல குழாய் மாதிரி தடிமனா ஒண்ணு, அதுக்குள்ள மெல்லிசா ஒண்ணு, ஒண்ணு எலும்போட மேல் முனையிலயும் இன்னொண்ணு கீழ் முனையிலயும் பிடிச்சிருக்கும், எலும்பு நீள நீள ஒண்ணுக்குள்ள ஒண்ணு நகரும். கனடா டாக்டருங்க ஃபாசியர், டுவால் ரெண்டு பேரு பேர்லயே அந்த ராடு வருதாம். என் மகன் தொடையில மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே தடிமன்ல ஒத்தக் கம்பி. எலும்பு வளந்து கம்பி முனையத் தாண்டி ஒரு வெரக்கட கீழ போயிருச்சு, அந்தத் தாங்கல் இல்லாத எடம் வளஞ்சு, கம்பி முடியுற எடத்துலயே ஒடஞ்சிருக்கு.

சாதாக் கம்பி வச்சதே தப்புன்னு நான் சொல்லல. எலும்பு ரொம்ப ஒல்லியா இருந்தா அந்த ராடு உள்ள போகாது, அதனால சாதாக் கம்பி வைக்கிறதும் உண்டுன்னு இந்த டாக்டரே சொன்னாரு. அத எங்ககிட்ட சொல்லிட்டு வச்சிருக்கலாம்ல. சொன்னது ஒண்ணு, வச்சது ஒண்ணு, காசு மட்டும் சொன்னதுக்கு.

மொத ஆஸ்பத்திரிக்கே திரும்பப் போய் கேட்டதுக்கு "உங்க பிள்ளை எலும்பு அப்படி, நாங்க என்ன செய்ய"ன்னாங்க. இம்பிளான்ட் ஸ்டிக்கர் கேட்டா ரெக்கார்டு இல்லையாம். ராடு வர்ற பெட்டியில கம்பெனி பேரு, சைஸ், லாட் நம்பர் போட்ட ஸ்டிக்கர் இருக்கும், அத கேஸ் ஷீட்டுல ஒட்டுவாங்க, உங்களுக்கும் ஒண்ணு கேட்டு வாங்குங்க. ஆபரேஷன் முடிஞ்சதும் எடுக்குற எக்ஸ்ரேய ஃபோன்ல போட்டோ எடுத்துக்கோங்க, ரெண்டு தடிமன் தெரியுதான்னு பாருங்க. யாராவது பிளேட் வைக்கிறோம்னு சொன்னா சட்டுனு தலையாட்டாதீங்க, இந்த எலும்புல பிளேட் முடியுற எடத்துல திரும்ப ஒடைய வாய்ப்பு ஜாஸ்தி, இன்னொரு டாக்டர்ட்டயும் கேளுங்க.

மொத ஆஸ்பத்திரில இன்னொண்ணும் சொன்னாங்க, "ராடு வச்சாச்சு, இனி டிரிப்ஸ் எதுக்கு"ன்னு. அத நம்பி, எலும்பு கெட்டியாக ஏத்திக்கிட்டிருந்த ஜோலெட்ரானிக் ஆசிட் டிரிப்ஸ நிறுத்திட்டோம். ராடு எலும்ப நேரா தாங்கிப் பிடிக்கத்தான், எலும்ப கெட்டியாக்குறதுக்கு மருந்து தனியா வேணும்னு மதுரைல சொன்ன பிறகுதான் தெரிஞ்சது. இப்ப 6 மாசத்துக்கு ஒருக்கா திரும்பப் போட ஆரம்பிச்சிருக்கோம்.

பழைய கம்பிய எடுத்துட்டு வளர்ற ராடு வைக்க அடுத்த மாசம் தேதி குடுத்திருக்காங்க. இந்தத் தடவ ஸ்டிக்கர் கைக்கு வராம நான் டிஸ்சார்ஜ் ஆக மாட்டேன். மகன் எக்ஸ்ரே ஃபோன்ல இருக்கு, உங்க பிள்ளையோடத வச்சுப் பாக்கணும்னா கேளுங்க, அனுப்புறேன்.