ஒம்பதாவதுக்கு டியூஷன் தேடுறவங்களுக்கு: எங்க ஏரியா மாடி டியூஷன், 4 ஸ்டார்

ஒம்பதாவது போற புள்ளைங்க வீட்ல இருந்தா மட்டும் இத படிங்க, பத்தாவது பன்னெண்டாவது பேட்ச் எப்படின்னு எனக்கு தெரியாது. எம்பொண்ணு எட்டாவது வரைக்கும் ஊர்லயே நடுநிலைப் பள்ளி, க்ளாஸ்ல மொத்தமே இருவது புள்ளைங்க கூட இருக்காது, டீச்சருக்கு இவ சாப்ட்டாளா இல்லையான்னு மொகத்த பாத்தே தெரியும். அங்கருந்து திண்டுக்கல் டவுனுக்குள்ள ஒரு பெரிய ஸ்கூல்ல ஒம்பதாவது சேத்தோம். பாடத்துக்கு ஒரு டீச்சர், பெல் அடிச்சா ஒருத்தர் போவாரு இன்னொருத்தர் வருவாரு, யாரு எந்த நோட்டு கேட்டாங்க எது நாளைக்கு எது வெள்ளிக்கிழமைக்குன்னு ஒண்ணும் புரியாம ஒரே ரஃப் நோட்டுல எல்லாத்தையும் எழுதிட்டு வந்து நிக்கிறா. எட்டாவது வரைக்கும் ஃபெயில்னு ஒண்ணு கிடையாது, அதனால காலாண்டுல கணக்குல 31 மார்க் வாங்கி பேப்பர்ல சிவப்பு மையில சுழிச்சத பாத்ததும் புள்ள ரெண்டு நாளு சரியா சாப்பிடல.

சரின்னு டியூஷன் விசாரிக்க போனா ஒவ்வொரு எடத்துலயும் ஒரே பேச்சு. "ஒம்பதாவது பாடம் டிசம்பரோட முடிச்சிருவோம், ஜனவரில இருந்து டென்த் போர்ஷன்." இத பெருமையா வேற சொல்றாங்க. ஏங்க, ஒம்பதாவது பாடமே மண்டைல ஏறல, அதுக்குள்ள பத்தாவதா? ஒம்பதாவது கணக்கு புக்க எடுத்து பாருங்க, கண மொழி, மெய்யெண்கள், இயற்கணிதம், ஆயத்தொலை, முக்கோணவியல்னு பத்தாவதுல வர்ற முக்கால்வாசிக்கு இங்கதான் அஸ்திவாரம். சைன் காஸ் டேன்னு ஒரு புள்ள மொதமொதல்ல காதுல வாங்குறதே இந்த வருஷம்தான். இத அவசர அவசரமா ஓட்டிட்டு அடுத்த வருஷம் என்னத்த புரியும்.

இந்த டியூஷன்ல சார் மட்டும்தான் "ஆண்டுத் தேர்வு எழுதி முடிக்கிற வரைக்கும் பத்தாவது புக்கையே இங்க கொண்டு வரக்கூடாது"ன்னு சொன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்காகவே சேத்துட்டேன்.

சேந்த மொத வாரம் பாடமே நடத்தல, ஸ்கூல் பேகை தலகீழா கொட்ட சொல்லி நோட்டு பூரா பிரிச்சு அட்டை போட்டு, கடைசி பக்கத்துல எந்த பாடத்துக்கு என்ன வீட்டுப்பாடம் எப்ப குடுக்கணும்னு கட்டம் போட்டு எழுத வச்சிருக்காரு. பீஸ் வாங்கிட்டு இதையா பண்றாங்கன்னு வீட்டுக்காரர் கடுப்பானாரு. ஆனா ஸ்கூல்ல டெய்லி திட்டு வாங்குறது நின்னு போச்சு, அதுலயே புள்ளைக்கு பாதி உயிர் வந்துச்சு.

அப்புறம் அந்த காலாண்டு பேப்பர கைல வாங்கி பாத்துட்டு எங்கிட்ட சொன்னாரு, "ஏம்மா, பாப்பாவுக்கு கணக்கு வருது, எழுதத்தான் வரல." நெசமாவே அப்படித்தான். ஓரத்துல பென்சில்ல குட்டியா போட்டு பாத்துட்டு விடைய மட்டும் எழுதி வச்சிருக்கா. அஞ்சு மார்க் கணக்குல படிப்படியா எழுதுனா ஒவ்வொரு படிக்கும் மார்க் உண்டு, கடைசில விடை தப்பானா கூட மூணு மார்க்காவது தேறும். பத்தாவது பொதுத்தேர்வு கணக்கு பேப்பர்ல ஒரு மார்க் 14, ரெண்டு மார்க் 10, அஞ்சு மார்க் 10, எட்டு மார்க் 2, ஆக மொத்தம் 100. அதே அமைப்புலதான் இங்க ஞாயித்துக்கிழமை டெஸ்ட் வைக்கிறாங்க, பாடம் மட்டும் ஒம்பதாவது. கண மொழில வர்ற டி மார்கன் விதிக்கு வென்படம் (வட்டம் வட்டமா வரைவாங்களே, அது) போட சொன்னா அஞ்சு படமும் தனித்தனியா பேர் எழுதி கோடு போடணும், இல்லன்னா திருப்பி குடுத்துருவாரு.

வடிவியல்தான் இங்க சூப்பர். முக்கோணத்துக்கு சுற்றுவட்ட மையம், செங்கோட்டு மையம் வரையறது எல்லாம் இந்த வருஷம் வருது, இவ வரஞ்சா மூணு கோடும் மூணு எடத்துல வெட்டும். சார் பாக்ஸ திறந்து காம்பஸ எடுத்து ஆட்டி பாத்தாரு, ஸ்க்ரூ லூசு. மேஜைல ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர் வச்சிருக்காரு, முறுக்கி குடுத்து பென்சில ஊசி மாதிரி சீவ வச்சு திரும்ப போட சொன்னாரு, மூணு கோடும் ஒரே புள்ளில போய் நின்னுச்சு. உதவிப்படம் மொதல்ல போடு, அதுக்கும் மார்க் இருக்குன்னு மண்டைல அடிச்சு (நெசமா அடிக்கல) சொல்லி குடுத்துருக்காரு. அறிவியல்லயும் மொத பாடமே அளவீடு, அதுக்கு சொந்த காசுல வெர்னியர் காலிப்பர்னு சின்ன சாமான துல்லியமா அளக்குற கருவி ஒண்ணு வாங்கி வச்சிருக்காரு, ஒரு ரூபா காச வச்சு புள்ளைங்க வரிசையா அளந்து பாக்குதுங்க. ஸ்கூல்ல அம்பது பேருக்கு நடுவுல எட்டி எட்டி பாத்த சாமான கைல புடிச்சதும் மீச்சிற்றளவு (அதால அளக்க முடியுற ஆகச் சின்ன அளவு) 0.01 சென்டிமீட்டர்னு புள்ளைங்களே சொல்லுதுங்க.

இப்ப கொறைங்க. சமூக அறிவியலுக்கு வர்ற அக்கா காலேஜ் படிக்கிற புள்ள, நல்ல புள்ளதான், ஆனா புக்குல கோடு போட்டு குடுத்து இத மனப்பாடம் பண்ணுங்கறதோட சரி, வரலாறு புவியியல் குடிமையியல் பொருளியல்னு நாலும் ஒரே புக்குல வர்ற பாடத்துக்கு அது பத்தாது. டெஸ்ட் மார்க்க எல்லா அப்பா அம்மாவும் இருக்க வாட்ஸப் குரூப்ல பேரோட போடுறாங்க, இது எனக்கு சுத்தமா புடிக்கல. ஏற்கெனவே புது ஸ்கூல்ல ஃப்ரண்ட் இல்லாம திணறுற வயசு, இதுல இவ கடைசின்னு ஊருக்கே தெரியணுமா? சொல்லி பாத்தேன், "யோசிக்கிறேம்மா"ன்னாரு, இன்னும் யோசிச்சிட்டேதான் இருக்காரு. அதுக்குத்தான் ஒரு ஸ்டார் கட்.

அரையாண்டுல கணக்கு 58. தொண்ணூறு எதிர்பாக்குறவங்க வேற எடம் பாருங்க, எங்களுக்கு இது போதும்.

பீஸ் மாசம் 700, எல்லா பாடத்துக்கும் சேத்து. மாடி ரூம்பு, மேல தகரம், ஏப்ரல்ல வெந்துரும், தண்ணி பாட்டில் பெருசா குடுத்து விடுங்க. பொம்பள புள்ளைங்கள ஏழரைக்குள்ள விட்டுர்றாங்க. பார்க்கிங் கிடையாது, கீழ இருக்க பெட்டிக்கடை முன்னாடி வண்டிய போட்டீங்கன்னா அந்த அண்ணன் காத்த புடுங்கி விட்ருவாரு.