இம்ப்ரூவுக்கு அர்த்தம் தேடினேன், லாபக் கணக்கு வந்தது

"இம்பாசிபிள்னா முடியாதது, இம்பெர்ஃபெக்ட்னா குறையுள்ளது. அப்போ இம்ப்ரூவ்னா ப்ரூவ் பண்ணாததுதானே?" என்று மகள் கேட்டாள். தேர்வுத்தாளின் ஓரத்தில் 'கேன் இம்ப்ரூவ்' என்று எழுதிக் கொடுத்த ஆசிரியர்மேல் அவளுக்குக் கோபம். மெய்ப்புத் திருத்திப் பிழைக்கிற எனக்கே பதில் தெரியவில்லை. அன்றைக்கு இறக்கிய சொற்பிறப்புச் செயலி இது. மூன்று மாதமாகக் கைபேசியில் இருக்கிறது.

முதல் தேடலிலேயே அசந்துபோனேன். இந்த 'இம்'முக்கும் மறுப்புக்கும் சம்பந்தமே கிடையாது. இங்கிலாந்தில் புழங்கிய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த வினை அது. உள்ளே இருக்கும் 'ப்ரூ' என்பதற்கு லாபம் என்று பொருள். அதாவது, முதலில் அது ஒன்றை நன்றாக்குவதைக் குறிக்கவில்லை, காசாக்குவதைத்தான் குறித்தது. அதிலும் நிலம். தரிசையும் பொதுநிலத்தையும் வேலிபோட்டு வளைத்து, உழுது, வருமானத்தைப் பெருக்கினால் அது இம்ப்ரூவ். அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்களைக் கேட்டிருந்தால் வேறு வினைச்சொல் சொல்லியிருப்பார்கள்! தரத்தை உயர்த்துவது என்ற இன்றைய பொருள் 17ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. 'ப்ரூவ்', 'அப்ரூவ்' ஆகியவற்றோடு பழகிப் பழகிக் கடைசியில் 'வ்' ஒட்டிக்கொண்டதாம். நம் 'மேம்படுத்து' பரவாயில்லை, மேலே போவதை மட்டும்தான் சொல்கிறது.

ஐசக் வாட்ஸ் 1715இல் குழந்தைகளுக்கு எழுதிய பாட்டில் தேனீ ஒவ்வொரு பொழுதையும் 'இம்ப்ரூவ்' செய்யும். பொழுதைச் சீர்திருத்துகிறது என்று நினைத்திருந்தேன். வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்கிறது என்பதுதான் பொருள். கர்வத்தைச் சொல்லும் 'ப்ரவுட்'டும் இதே 'ப்ரூ' குடும்பம்.

சரி, மகளின் ஊகம்? முழுத்தப்பு இல்லை. தவறென்று நிரூபிப்பது என்ற பொருளில் இன்னொரு 'இம்ப்ரூவ்' முன்பு இருந்திருக்கிறது. அது லத்தீன் 'இம்ப்ரோபாரே'யிலிருந்து வந்தது, வழக்கொழிந்துவிட்டது. இவ்வளவு சுவையான செய்தியைப் பக்கத்தின் அடியில், வெளிர்சாம்பல் எழுத்தில், கண்ணாடி போட்டும் தெரியாத அளவில் வைத்திருக்கிறார்கள்.

'உறவுச் சொற்கள்' பொத்தானை மட்டும் நம்பாதீர்கள். 'இம்ப்ரோவைஸ்' அங்கே தம்பியாக நிற்கிறது. அது 'முன்கூட்டிப் பார்க்காதது' என்ற லத்தீன் சொல்லின் வாரிசு, முகச்சாயல் மட்டும்தான் ஒன்று. எழுதிப் போட்டேன். "தொடர்ந்து இம்ப்ரூவ் செய்துவருகிறோம்" என்று பதில் வந்தது. அடுத்த பதிப்பில் பிழை அப்படியே இருக்க, நான் சேமித்த சொற்களைத் திறக்கச் சந்தா கேட்டது. பழைய பொருளில்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஐந்துக்கு மூன்றரை.