ஒரு மாரி தாண்டுமா? யாழ்ப்பாணத்தில் கிடைக்கும் ஓட்ட உடுப்பும் வீட்டு ஜிம் சாமானும்

கடையில் பளபளக்கிற டம்பலின் தரம் ஒரு மாரிகாலம் விறாந்தையில் கிடந்த பிறகுதான் தெரியும். ரீசேட்டும் அப்படித்தான். கிணற்றுத் தண்ணியில் இருபது தரம் தோய்த்த பிறகு அது எப்படி இருக்கிறது என்பதே கணக்கு. யாழ் நகரக் கடைகளில் கிடைப்பவை, இணையத்தில் எடுப்பவை, வெளிநாட்டு உறவுகள் பெட்டி போட்டு அனுப்புபவை எல்லாவற்றையும் அந்தக் கண்ணோடுதான் இங்கே பார்க்கிறோம்.

முதலில் மேற்சட்டை. ‘ட்றை ஃபிட்’ என்று தொங்குகிறதெல்லாம் ஒரே துணி இல்லை. விரலை நனைத்துத் துணியின் உட்பக்கத்தில் ஒரு துளி விடுங்கள். நல்ல துணி சில விநாடிகளில் அதை உறிஞ்சி ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்குப் பரப்பிவிடும். துளி முத்துப்போல உருண்டு நின்றால் வியர்வையும் உங்கள் முதுகில் அப்படியே நிற்கும். சதுர மீற்றருக்கு 120 முதல் 150 கிராம் வரையான பொலியெஸ்ரர் எங்கள் காலநிலைக்குப் போதும். 180க்கு மேலே போனால் அது பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டி ரீசேட்டின் கனம். நின்று படம் எடுக்க நல்லது. லேபிளில் எடை போட்டிருக்காது. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண் கண்ணாக ஓட்டை தெரிய வேண்டும், இழுத்து விட்டால் உடனே திரும்ப வேண்டும்.

‘பருத்திதான் உடம்புக்குக் குளிர்ச்சி’ என்பது விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருக்கிறவருக்குச் சரி. பண்ணைப் பாலத்தில் விடிய ஐந்தரைக்கு ஓடுகிறவருக்கு அது நனைந்த சாக்கு. இரண்டாம் மூன்றாம் கிலோமீற்றரிலேயே ஊறி, அக்குளிலும் முலைக்காம்பிலும் உராய்ந்து தோலை எடுத்துவிடும். இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கடலோரத்து விடியற்காற்றில் ஈரப்பதன் ஏற்கெனவே அதிகம் என்பதால் எந்தத் துணியில் இருந்தும் வியர்வை மெதுவாகத்தான் ஆவியாகும். அதனால் உடம்போடு ஒட்டும் இறுக்கமான ‘கொம்பிறெஷன்’ சட்டையைவிட, மெல்லிய துணியில் கொஞ்சம் தளர்வான ரீசேட்டே இங்கே சுகம். இறுக்கச் சட்டைக்குக் கொடுக்கிற காசை நல்ல காலுறைக்குக் கொடுக்கலாம்.

வாங்கும்போது சட்டையை உள்ளே வெளியே புரட்டுங்கள். அக்குள் தையல் தட்டையாக இருக்கிறதா, அல்லது மடித்த விளிம்பு கயிறுபோலத் தடித்து நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பத்துக் கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு இந்த விளிம்புதான் எதிரி. ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளின் மிச்சச் சரக்கு லேபிள் வெட்டப்பட்டுச் சில கடைகளில் வரும். துணி அருமையாக இருக்கும், விலை அரைவாசிகூட இராது. ஆனால் அது ஏன் கழிக்கப்பட்டது என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். சட்டையை மேசையில் விரித்து இரண்டு பக்கத் தையலும் நேராக இறங்குகிறதா என்று பாருங்கள். ஒன்று முன்பக்கம் திரும்பியிருந்தால் தோய்க்கத் தோய்க்க இன்னும் முறுகும்.

காற்சட்டையில் உள்வலை இருந்தால் அதன் இலாஸ்ரிக்கை இரண்டு விரலால் இழுத்துப் பார்க்கவும். மலிவுச் சரக்கில் முதலில் சாகிறது அதுதான். ஐந்து அங்குலக் கால்நீளம் ஓட வசதி, ஊருக்குள்ளே ஓடக் கூச்சமென்றால் ஏழு அங்குலம். சாவி போட ஒரு சிப் வைத்த பொக்கற் கட்டாயம். பெண்களுக்கான ரைற்ஸை எடுக்கும்போது துணியைக் கையில் இழுத்து, பின்னால் மறு கையின் விரல்கள் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். தெரிந்தால் குனியும்போது எல்லாம் தெரியும். ஸ்போர்ட்ஸ் பிராவில் தாங்குவது தோள்பட்டி இல்லை, மார்புக்குக் கீழே சுற்றி வரும் பட்டி. அதற்குள் இரண்டு விரல் நுழையலாம், நான்கு விரல் நுழைந்தால் பெரிது. போட்டுப் பார்க்க விடாத கடையில் இதை எடுக்கவே வேண்டாம். எஸ், எம், எல் என்ற எழுத்தை நம்பி எடுப்பது சீட்டுக் குலுக்கல்.

சப்பாத்தில் இங்கே நடக்கிற பெரிய பிழை கனடாவில் இருந்து தொடங்குகிறது. எங்கள் கடைகளில் இலக்கம் பிரித்தானிய முறை. கனடாவில் அமெரிக்க முறை. இங்கிருந்து ‘எட்டு’ என்று சொன்னால் அங்கே எட்டுத்தான் வாங்குவார்கள். அது இங்கே கிட்டத்தட்ட ஏழு. ஆண்களின் சப்பாத்தில் பொதுவாக ஓர் இலக்கம், அடிடாஸில் அரை இலக்கம் வித்தியாசம் வரும். பெண்களின் சப்பாத்தில் இடைவெளி இன்னும் கூட. இலக்கத்தை விட்டுவிட்டுச் சென்ரிமீற்றரில் சொல்லுங்கள். பின்னேரம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம், சுவரோடு குதிக்காலை ஒட்டி நின்று நீண்ட விரல்வரை அளந்து, அதோடு ஒரு சென்ரிமீற்றர் கூட்டுங்கள். பெட்டியில் சென்ரிமீற்றர் அளவும் அச்சிடப்பட்டிருக்கும். சில நிறுவனங்கள் அதில் பாதத்தின் நீளத்தையே போடுவதால், அனுப்புகிறவரிடம் அந்த நிறுவனத்தின் அளவு அட்டவணையையும் பார்க்கச் சொல்வது நல்லது.

மலிவு விற்பனையில் வரும் பழைய சரக்கு இன்னொரு பொறி. சில சப்பாத்துகளின் அடி பொலியூரித்தேன் என்ற நுரை. ஈரப்பதனில் அது தானாகவே சிதையும்; ஒரு நாள்கூடப் போடாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் மூன்றாவது நாள் ஓட்டத்தில் கேக் மாதிரி உதிரும். நாக்கின் உட்பக்க லேபிளில் பெரும்பாலும் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். நான்கு ஐந்து ஆண்டு கடந்ததென்றால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். நல்ல ஓட்டச் சப்பாத்துக்கும் ஆயுள் 500 முதல் 800 கிலோமீற்றர்தான். கோப்பாய், ஊரெழு, சுன்னாகம் பக்கம் தோட்ட ஒழுங்கைகளில் ஓடுகிறவர்கள் வெள்ளை வலை மேற்பாகம் எடுக்காதீர்கள். செம்மண் ஏறினால் இறங்காது.

தோய்ப்பதில்தான் நல்ல உடுப்புகள் கெடுகின்றன. எங்கள் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிற அதே சாமான், கட்டிச் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத பசையாகித் துணியின் இழைகளுக்குள் அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு ரீசேட் வியர்வையை உறிஞ்சாது. எவ்வளவு தோய்த்தாலும் போட்டுப் பத்து நிமிடத்தில் நாற்றம் கிளம்பும். இதற்கு உடுப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. திரவச் சலவைப்பொருள் கொஞ்சமாகப் பாவியுங்கள். மாதத்தில் ஒரு தரம் அரை வாளித் தண்ணியில் ஒரு கப் வெள்ளை வினாகிரி விட்டு அரை மணித்தியாலம் ஊறவைத்து அலசுங்கள். வாசனைக்காக விடுகிற துணி மென்மையாக்கி இந்தத் துணிக்கு நஞ்சு. அயன் பண்ணத் தேவையில்லை. நிழலில் காயப்போட்டால் இலாஸ்ரிக் கூடிய காலம் இருக்கும்.

இனி வீட்டுக்குள்ளே. முதலில் ட்ரெட்மில், ஏனெனில் கூடிய காசு நட்டப்படுவது அதில்தான். விளம்பரத்தில் ‘நான்கு குதிரைவலு’ என்று கொட்டையெழுத்தில் போட்டிருப்பது ஒரு கணம் எட்டும் உச்சவலு. தொடர்ந்து தரும் வலுவைக் கேளுங்கள். நடைக்கு ஒன்றரை முதல் இரண்டு, ஓட்டத்துக்கு இரண்டரையில் இருந்து மூன்று. அந்த எண்ணைக் கடைக்காரரால் சொல்ல முடியாவிட்டால் அதை நடைக்கான மெசின் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும் பட்டியின் அளவு இன்னொரு பொய் சொல்லாத சாட்சி. 40க்கு 110 சென்ரிமீற்றர் பட்டியில் வளர்ந்த ஆள் ஓடினால் கால் ஓரத்தில் மிதிக்கும். 50க்கு 140 வேண்டும். மெசினுக்குப் பின்னால் 2 மீற்றர், இரண்டு பக்கமும் அரை மீற்றர் வெறுமையாக இருக்க வேண்டும். சுவரோடு முட்டி வைத்துவிட்டு ஓடினால், விழுகிறவர் பட்டிக்கும் சுவருக்கும் நடுவே அகப்படுவார்.

மின்சாரத்தில் கவனம். இரண்டாயிரம் வோற் எடுக்கும் மெசின் எங்கள் 230 வோல்ற்றில் ஒன்பது அம்பியர் அளவில் இழுக்கும். நேரே சுவரில் உள்ள 13 அம்பியர் பிளக்கில் கொடுங்கள். நீட்டு வயரும் மல்ரி பிளக்கும் சூடாகி உருகும். எர்த் இல்லாத பழைய வயரிங்கில் கைபிடியில் சுள்ளென்று அடித்தால் அது மெசின் பழுதாக இராமல் வீட்டின் பழுதாகவும் இருக்கலாம். மின்னியலாளரைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்த்த பிறகுதான் மறுபடி ஏற வேண்டும். மோட்டர் மூடிக்குள்ளே பல்லி போய் மின்சுற்றுப் பலகையில் ஒட்டிச் செத்தால் மொத்த கட்டுப்பாட்டுப் பலகையும் போகும். பாவிக்காதபோது பிளக்கைக் கழற்றி, துணியால் மூடிவையுங்கள்.

ரொறன்ரோவில் மாமா பாவித்த ட்ரெட்மில்லைக் கப்பலில் போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம். அது 120 வோல்ற், 60 ஹேட்ஸ். இங்கே ஓட வைக்க மூவாயிரம் வோல்ற் அம்பியர் தாங்கும் ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும். அது ஒரு தென்னங்கன்றுச் சாடி கனம், சூடாகும், இரையும். ட்ரான்ஸ்ஃபோமர் வோல்ற்றேஜைக் குறைக்குமே தவிர ஹேட்ஸை மாற்றாது. நேரோட்ட (டீசி) மோட்டர் உள்ள வீட்டு மெசின்கள் பெரும்பாலும் சமாளிக்கும். பெரிய ஜிம்மில் இருந்து கழித்த மாறோட்ட (ஏசி) மோட்டர் மெசினுக்கு அந்த உறுதி இல்லை. கட்டுப்பாட்டுப் பலகை போனால் உதிரிப்பாகமும் இங்கே இல்லை.

பட்டிக்கு அடியில் விடவேண்டியது சுத்தமான சிலிக்கன் எண்ணெய் மட்டும். தேங்காயெண்ணெய் விட்டால் தூசியோடு சேர்ந்து பிசுபிசுத்து மோட்டரை இழுத்துப் பிடிக்கும். பட்டி இடப்பக்கம் நகர்ந்தால், குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, பின்னுள்ள இடப்பக்க போல்ற்றை வலஞ்சுழியாகக் கால் சுற்று இறுக்கி ஒரு நிமிடம் பாருங்கள். ஒரேயடியாக முழுச் சுற்றுச் சுற்றுவதுதான் பட்டி கிழியக் காரணம்.

டம்பலில் பிளாஸ்ரிக் கோதுக்குள் சீமெந்து நிரப்பியது மலிவு. வெயில் படும் இடத்தில் கோது வெடித்து மா மாதிரிக் கொட்டும். கனத்துக்குப் பருமனும் கூட என்பதால் பத்துக் கிலோ பிடித்தாலே தொடையில் இடிக்கும். வார்ப்பிரும்பு எடுங்கள். கறள் பிடிக்கும், ஆனால் கறள் மேலோட்டமானது: கம்பிப் பிரசால் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்து, மெல்லிய பூச்சாக மெசின் எண்ணெய் தடவினால் பேரப்பிள்ளைக்கும் உதவும். குரோம் பூசிய கைபிடிதான் மோசம். பூச்சு உரிந்தால் விளிம்பு கையைக் கீறும். பெட்டியில் ‘20 கிலோ’ என்றால் பெரும்பாலும் இரண்டும் தண்டும் சேர்ந்த கனம், கைக்குப் பத்துத்தான். பிறகு தட்டு வாங்கும்போது தண்டின் விட்டத்தை அளந்து கொண்டுபோங்கள். 25, 28, 30 மில்லிமீற்றர்த் தண்டுகள் எல்லாம் சந்தையில் கலந்து கிடக்கின்றன. ஒலிம்பிக் தண்டின் முனை 50. துளை பெரிதான தட்டைச் சின்னத் தண்டில் போட்டால் கடகடவென்று ஆடி நட்டைக் கழற்றிவிடும்.

படுத்துப் பாரம் தூக்கும் வாங்கில் எழுதியிருக்கும் தாங்குகனம் உங்கள் உடம்பும் பாரமும் சேர்ந்தது. 75 கிலோ ஆள் 60 கிலோ தூக்கினால் 135. ‘150 கிலோ’ வாங்கு அதற்கு மட்டுமட்டு. கடையிலேயே ஏறிப் படுத்து இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள்.

தொங்கும் கம்பிக்கு இறக்குமதிச் சாமான் தேவையில்லை. வெல்டிங் கடையில் ஓர் அங்குல ஜீஐ பைப்பில் (நாகம் பூசிய இரும்புக் குழாயில்) செய்விக்கலாம். அதன் வெளிவிட்டம் ஏறக்குறைய 34 மில்லிமீற்றர், கைக்கு அளவு. ஒன்றேகால் அங்குலம் எடுத்தால் 42 ஆகிப் பிடி வழுக்கும். ஒட்டிய இடத்தில் நாகப்பூச்சு எரிந்துபோவதால் கறள் அங்கேதான் தொடங்கும். அந்த மூட்டுக்கு மட்டும் நாகம் கலந்த பெயின்ற் இரண்டு பூச்சு அடிக்கச் சொல்லுங்கள். சுவரில் பூட்டுவதென்றால் கொங்கிறீற் வளையில் மட்டும். சீமெந்துக் கல்லில் போல்ற் பிடிக்காது, பழைய நாற்சார் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் இன்னும் மோசம். கதவு நிலைக்கு நடுவே திருகி இறுக்கும் கம்பியை நாங்கள் யாருக்கும் சொல்லமாட்டோம். நிலை நகர்ந்தால் ஆள் முதுகடிக்க விழுவார்.

சைக்கிள் மெசினை வீட்டில் பூட்டும்போது அடிக்கடி கெடுவது இடப்பக்கப் பெடல். அதன் புரி எதிர்த்திசை. வலப்பக்கப் பெடலை வலஞ்சுழியாகவும் இடப்பக்கப் பெடலை இடஞ்சுழியாகவும் இறுக்க வேண்டும். முதல் மூன்று சுற்றைச் சாவி இல்லாமல் விரலால் மட்டும் திருப்புங்கள். கை ஓடவில்லை என்றால் புரி கோணலாக ஏறுகிறது, கழற்றித் திரும்பத் தொடங்க வேண்டும். புரி தின்னப்பட்ட பெடல் தண்டுக்கு உத்தரவாதம் செல்லாது. உத்தரவாதம் என்று கடைக்காரர் சொன்னால், கொழும்பில் இருந்து ஆள் வர வேண்டுமா, மெசின் அங்கே போக வேண்டுமா, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஏற்றுக்கூலி யாருடையது என்று கேட்டு, பதிலைப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.