காலி வள்ளத்தில் காட்டிய வேகத்தை நம்பி ஏமாந்தோம்

முதலிலேயே கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 4,200 ரூபாய், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய புரொப்பெல்லர், நெத்திலி நன்றாகப் பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஏழு நாள் தொழில். இவ்வளவும் போயிற்று. எஞ்சின் தப்பியதற்கு அம்மா கோவிலில் ஏற்றிய மெழுகுவர்த்திதான் காரணம் என்று வீட்டில் பேச்சு. ஐந்தே நாளில் நிறுத்திவிட்டதால் தப்பியது என்கிறார் மெக்கானிக். வள்ளத்துக்கு வேகம் கூட்டித் தருகிறோம் என்கிற கடைக்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எங்களுடையது குளச்சல் பக்கம் ஓடுகிற 24 அடி ஃபைபர் வள்ளம். இரண்டு ஸ்ட்ரோக் 9.9 குதிரைத்திறன் எஞ்சின். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். நான், மச்சான், இன்னும் இரண்டு பேர். முதலில் கரை சேர்கிற வள்ளத்து மீனுக்குத்தான் ஏலத்தில் விலை நிற்கும். ஏழு மணி நெத்திலிக்கும் எட்டரை மணி நெத்திலிக்கும் என்ன வித்தியாசம் என்பது கடற்கரையில் நிற்பவர்களுக்குத் தெரியும். திரும்பி வரும்போது பக்கத்து வள்ளங்கள் எங்களைத் தாண்டிப் போனால் மச்சான் ஒன்றும் பேச மாட்டான். பாதி பீடியைக் கடலில் வீசுவான். அந்தப் பாதி பீடிகளைத் தாங்க முடியாமல்தான் நான் கடைக்குப் போனேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. என்னிடம் பில் இல்லை. ஏன் இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். எங்கள் பழைய புரொப்பெல்லரில் 9¼ × 8 என்று பொறித்திருந்தது. விட்டம் 9¼ அங்குலம்; பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு முன்னேறுகிற அளவு, 8 அங்குலம். கடைக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "எட்டு பிட்ச் வச்சுட்டு வேகம் வேணும்னா எப்படி தம்பி? பத்தரை போடு, வள்ளம் பறக்கும்" என்றார். உள்ளே போய்ப் பளபளவென்று கறுப்பு பெயின்ட் அடித்த ஒன்றை எடுத்து வந்தார். கம்பெனிப் பொருள், கப்பலில் வந்தது என்றார். 6,000 சொல்லி, பழையதைக் கொடுத்தால் 4,200 என்று இறங்கினார். பில் கேட்டேன். "பில்லுன்னா ஜிஎஸ்டி சேரும், உனக்கு எதுக்கு வீண் செலவு?" சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குத்தான் பிறகு வட்டி கட்டினேன்.

அவராகவே துறைமுகத்துக்கு வந்து மாட்டிக் கொடுத்தார். ஓட்டியும் காட்டினார். வள்ளத்தில் அவரும் நானும் மட்டும். வலை கரையில் கிடந்தது, ஐஸ் பெட்டி வீட்டில் இருந்தது, கேனில் அடிமட்டத்துக்கு எண்ணெய். என் போனிலேயே ஜிபிஎஸ் வைத்துப் பார்க்கச் சொன்னார். மணிக்கு 22 கிலோமீட்டர். அதற்கு முன்பு நான் பார்த்த வேகம் 16. ஆறு கிலோமீட்டர் கூடிவிட்டதே என்று வாயைப் பிளந்தேன். அந்த 16 என்பது நாலு பேரும் வலையும் ஐஸும் மீனும் ஏறிய வள்ளத்தின் வேகம் என்பது அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை. பழைய புரொப்பெல்லரை ஒருநாள்கூடக் காலி வள்ளத்தில் ஓட்டி நான் அளந்ததில்லை. காலி வள்ளத்தில் யாரும் மீன் பிடிக்கப் போவதில்லையே.

அன்று இரவே தெரிந்துவிட்டது. பாரம் ஏறியதும் வள்ளம் மூக்கைத் தூக்கவே இல்லை. முழு ரேஸ் கொடுத்தாலும் எஞ்சின் ஒரு மாதிரி அடைத்த தொண்டையில் முனகியது. பின்னால் புகை. போனில் 14. பிளக் போயிருக்கும் என்று மாற்றினோம். மறுநாள் கழற்றிப் பார்த்தால் புது பிளக்கும் கரி பிடித்துக் கறுத்திருந்தது. 18 லிட்டரில் முடிகிற ஓட்டத்துக்கு 23 லிட்டர் மண்ணெண்ணெய் குடித்தது. மானிய எண்ணெய் மாதத்துக்கு அளந்துதான் கிடைக்கும். மீதிக்கு வெளியில் என்ன விலை கொடுக்கிறோம் என்பது உங்களுக்கே தெரியும்.

ஐந்தாம் நாள் விடியற்காலை. நாலு பெட்டி நெத்திலியோடு திரும்பிக்கொண்டிருந்தோம். திடீரென்று எஞ்சின் அலறியது, வள்ளம் அப்படியே நின்றது. ரேஸைக் குறைத்தால் மெல்ல நகர்கிறது, கூட்டினால் வெறும் அலறல். புரொப்பெல்லரின் நடுவில் ரப்பர் புஷ் ஒன்று உண்டு. பாறையிலோ கட்டையிலோ அடித்தால் அது வழுக்கிக்கொடுத்துக் கியரைக் காப்பாற்றும். எங்களுடையது எதிலும் அடிக்கவில்லை, சும்மா ஓடும்போதே வழுக்கிவிட்டது. நடந்து போகிற வேகத்தில் மூன்றரை மணி நேரம் ஊர்ந்து கரை சேர்ந்தோம். ஏலம் முடிந்து வியாபாரிகள் போய்விட்டார்கள். நாலு பெட்டியும் கருவாட்டுக்காரர் சொன்ன விலைக்குப் போனது.

மெக்கானிக் மாமா புரொப்பெல்லரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பேனாக்கத்தியால் சுரண்டினார். கறுப்புக்குக் கீழே சாம்பல் நிறம், அதற்கும் கீழே ஓர் இலையின் அடியில் வெல்டிங் வைத்த தடம், எறும்பு வரிசை மாதிரி. எண் பொறிக்கிற இடத்தில் கிரைண்டர் ஓடியிருந்தது. பிறகு அதைச் சமதளமான பலகையில் கவிழ்த்து வைத்து, ஒவ்வோர் இலையின் நுனிக்கும் பலகைக்கும் இடையே ஸ்கேலை நிறுத்தினார். இரண்டு இலை ஒரே உயரம். மூன்றாவது கிட்டத்தட்ட அரை அங்குலம் தூக்கி நின்றது. "இதுல புதுசா உள்ளது பெயின்ட் மட்டும்தான் மக்கா" என்றார். கியர் பெட்டியைத் திறந்தால் ஆயில் பால்காப்பி நிறம். ஆடிய ஆட்டத்தில் சீல் விட்டுத் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

அந்தப் புரொப்பெல்லர் நல்ல பொருளாகவே இருந்திருந்தாலும் எங்களுக்கு அது தப்பு என்றார். பிட்ச் என்றால் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற கணக்கு. திருகாணி மரத்தில் இறங்குகிற மாதிரி. தண்ணீர் மரம் இல்லை, அதனால் கொஞ்சம் வழுக்கும். பாரம் கூடினால் நிறைய வழுக்கும். பிட்ச் கூடினால் ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சின் தள்ள வேண்டியதும் கூடும். ஓர் அங்குலத்துக்கு முழு ரேஸில் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று வரை குறையும் என்பது பொதுவான கணக்கு. பாரம் ஏற்றிய வள்ளத்தில் அதைவிட மோசமாகக் குறையும். பின்னால் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு டாப் கியரில் மேடு ஏறுகிற பைக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் எஞ்சின் புத்தகத்தில் முழு ரேஸுக்கு 4500 முதல் 5500 சுற்று வரை என்று போட்டிருக்கிறது. பிளக் ஒயரில் மாட்டி எஞ்சினின் சுற்றை அளக்கிற சின்ன மீட்டர் ஒன்று மாமாவிடம் இருந்தது. அதை எங்கள் வள்ளத்தில் அவர் முன்பே ஒருமுறை மாட்டிப் பார்த்திருக்கிறார்: பழைய எட்டு பிட்சில், பாரத்தோடு, 4800. புத்தகத்துக்குள்தான். அதாவது பிட்ச் கூட்ட எங்களிடம் இடமே இல்லை. பாரத்தோடு 5500-ஐத் தாண்டிக் கத்துகிற எஞ்சினாக இருந்தால்தான் பிட்ச் கூட்டினால் வேகம் வரும். அந்தக் கடையில் சுற்று எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை பேர் போவீர்கள், வலை எத்தனை கிலோ என்றும் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் புரொப்பெல்லரை நீட்டுகிற கடையிலிருந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். இந்தப் பத்தரை பிட்சோடு 3900 சுற்றில் முழு ரேஸ் கொடுத்து மண்ணெண்ணெயில் இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருந்தால் பிஸ்டனைப் பார்த்து அழுதிருப்பாய் என்றார் மாமா. (அந்த மீட்டர் வாங்குகிறவர்கள் செட்டிங்கைப் பாருங்கள். இரண்டு ஸ்ட்ரோக்குக்குச் சுற்றுக்கு ஒரு ஸ்பார்க். நாலு ஸ்ட்ரோக் செட்டிங்கில் இருந்தால் இரட்டிப்பாகக் காட்டிப் பயமுறுத்தும்.)

கடைக்குப் போனேன். "கடல்ல போட்ட பொருளுக்கு நான் எப்படித் தம்பி பொறுப்பு?" என்றார். வெல்டிங் தடத்தைக் காட்டினேன். நீதான் எங்கேயோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறாய் என்றார். நுகர்வோர் உதவி எண் 1915-இல் கூப்பிட்டுப் பார்த்தேன். பில்லோ பணம் அனுப்பியதற்கான பதிவோ கேட்டார்கள். நான் கையில் காசாகக் கொடுத்திருந்தேன். போனிலாவது அனுப்பியிருந்தால் ஒரு துண்டு ஆதாரம் இருந்திருக்கும்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போது சுவரைப் பார்த்தேன். வரிசையாக ஆணியில் தொங்குகிற புரொப்பெல்லர்களில் இரண்டாவது, புதுக் கறுப்பு பெயின்ட். அதில் ஓர் இலையின் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு தேய்ப்பு. துறைமுக வாயில் பாறையில் அடித்தபோது அப்பா அரத்தால் ராவிச் சரிசெய்த இடம். நானே கையில் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். எவ்வளவு அண்ணாச்சி என்று கேட்டேன். 2,600 என்றார், கம்பெனிப் பொருள் என்றும் சேர்த்துச் சொன்னார். வாக்குவாதம் செய்து, கூட்டம் சேர்ந்து, கடைசியில் 1,500 கொடுத்து என் சொந்தப் பொருளையே வாங்கிக்கொண்டு வந்தேன். இந்தத் தடவை போனில்தான் பணம் அனுப்பினேன்.

சீல் மாற்றி, கியர் ஆயில் மாற்றி எல்லாம் சரியாக ஏழு நாள் ஆனது. சும்மா கிடந்த நேரத்தில் வள்ளத்தைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த கொட்டலசை (ஓட்டோடு இறுகப் பிடித்துக்கொள்ளும் கடல் உயிர்) சுரண்டினோம், இரண்டு பக்கெட் வந்தது. எஞ்சின் கொஞ்சம் ஆழத்தில் தொங்கியது. புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டு வள்ளத்தின் அடிமட்டத்துக்கு நேராக வரும்படி மாமா தூக்கி வைத்தார். ரப்பர் புஷ்ஷுக்கும் வெளி உடலுக்கும் குறுக்கே வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு போட்டார். ஓட்டிவிட்டு வந்து பார்க்கும்போது கோடு உடைந்திருந்தால் புஷ் வழுக்குகிறது என்று அர்த்தம். கோடு நேராகவே இருக்கிறது. பாரத்தோடு இப்போது பதினேழரை வருகிறது, 4900 சுற்று.

இதெல்லாம் செய்வதற்கு முன்பே, சீல் மாற்றிய அன்றே, ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்று மச்சான் பிடிவாதமாக நின்றான். பழைய எட்டு பிட்சை மாட்டி, நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஏறி, வலை இல்லாமல், ஐஸ் இல்லாமல், கடைக்காரர் ஓட்டிக் காட்டிய அதே இடத்தில் ஓட்டினோம். போனில் 21.