முழு வாய்க்கும் இம்ப்ளாண்ட்: நான்கு வருடம் கழித்து ஒரு ஸ்குரூ கழன்றது

போன வாரம் தோழி ஒருத்தி போன் செய்தாள். ஒரே பள்ளியில் பதினாறு வருடம் பக்கத்து வகுப்பில் பாடம் எடுத்தவள், என்னைவிட நாலு வயது சின்னவள். "அக்கா, ரெண்டு தாடைக்கும் சேர்த்து இம்ப்ளாண்ட் பல் வைக்க ஒரு லட்சத்துத் தொண்ணூத்தொம்பதாயிரம்னு நோட்டீஸ் குடுத்திருக்காங்க. உங்களுக்கு ஆறு லட்சம் ஆச்சுன்னீங்களே, எப்படி இவ்வளவு வித்தியாசம்? நான் போகட்டுமா?" என்றாள். போனில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதற்கு மூன்று வாரம் முன்புதான் என் கீழ்த்தாடையில் பல்வரிசையை இம்ப்ளாண்டோடு பிடித்திருக்கும் ஒரு ஸ்குரூ கழன்று படாத பாடு பட்டிருந்தேன், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அவளுக்கும், அவளைப் போல யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 2021 பிப்ரவரியில் மதுரையில் வைத்துக்கொண்டேன். மேலே ஆறு, கீழே நான்கு, ஆக பத்து இம்ப்ளாண்ட், அதாவது பல்லைத் தாங்கத் தாடை எலும்புக்குள் இறக்கும் டைட்டானியம் தண்டு. சொன்ன தொகை 4,60,000. கீழே ஆடிக்கொண்டிருந்த ஒன்பது பல்லைப் பிடுங்க 9,000, தாடை எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேனுக்கு 4,000, ராத்திரி பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் நைட் கார்டு என்ற காப்பு உறைக்கு 5,000 தனியாக வாங்கினார்கள். இதெல்லாம் பெரிய விஷயமில்லை. ஐந்து மாதம் கழித்து, எலும்பு நன்றாகப் பிடித்துவிட்டது, இனி நிரந்தரப் பல் வைக்கலாம் என்ற நாளில்தான் "நீங்கள் கொடுத்தது அக்ரிலிக் (பிளாஸ்டிக்) பல்லுக்கான தொகை, ஜிர்கோனியா (பீங்கான் வகை) வேண்டுமென்றால் 1,30,000 கூட ஆகும்" என்றார்கள். எலும்புக்குள் பத்து இம்ப்ளாண்ட் இறங்கிய பிறகு எழுந்து வேறு இடத்துக்கா போக முடியும்? கட்டினேன். மொத்தம் 6,08,000. பணிக்கொடைப் பணத்தில் பெரும் பகுதி. மருத்துவக் காப்பீட்டில் ஒரு பைசா கிடைக்கவில்லை, விபத்தில் பல் போனால் மட்டும்தான் தருவார்களாம்.

ஆக, அவளுக்கு முதல் பதில் இது: 1,99,000 என்று போட்டிருப்பதும் என்னிடம் சொன்ன 4,60,000-மும் ஒரே பொருளின் விலை அல்ல. எத்தனை இம்ப்ளாண்ட், எந்தக் கம்பெனி, தற்காலிகப் பல்லா நிரந்தரப் பல்லா, அக்ரிலிக்கா மெட்டல் செராமிக்கா ஜிர்கோனியாவா, இதெல்லாம் எழுத்தில் வராதவரை அந்தத் தொகையை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

சரி, வைத்துக்கொண்டதில் என்ன சுகம் என்று கேட்டால், அதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். எனக்குச் சர்க்கரை இருபது வருடமாக. ஈறு கெட்டு மேல் பல் எல்லாம் முன்னமே போய்விட்டது, ஆறு வருடம் பல்செட் போட்டிருந்தேன். மேல் பல்செட் என்றால் மேலண்ணம் முழுக்க மூடியிருக்கும். சூடு தெரியாது, ருசி பாதிதான் தெரியும், அதுவே பழகியும் போயிருந்தது. இம்ப்ளாண்டுகளின் மேல் ஸ்குரூ போட்டு மாட்டும் பல்வரிசையான பிரிட்ஜ், குதிரை லாடம் மாதிரி ஈறை ஒட்டி மட்டும்தான் இருக்கும், அண்ணம் திறந்தே இருக்கும். தற்காலிகப் பல் மாட்டி மூன்றாம் நாள் என் மருமகள் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். தம்ளரை வாயில் வைத்தேன். அந்தச் சூடு மேலண்ணத்தில் பட்டுப் பின்னால் தொண்டைவரை ஓடியது. ஆறு வருடம் கழித்து ரசம் ரசமாக இருந்தது. நான் அழுதுவிட்டேன், அவள் காரம் கூடிவிட்டதோ என்று பயந்துபோனாள். கடிப்பதைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், கொய்யாக்காய், முறுக்கு, வேர்க்கடலை எல்லாம் கடிக்கிறேன், உண்மைதான். ஆனால் அண்ணம் திரும்பக் கிடைப்பதைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆறு லட்சத்தில் பாதியை அதற்கே கொடுக்கலாம்.

இப்போது ஸ்குரூ கதை. கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருந்தேன். காலையில் இட்லி சாப்பிடும்போது கீழே இடது பக்கம் லேசாக 'டக்' என்று ஒரு சத்தம். விரலை வைத்துப் பார்த்தால் பிரிட்ஜ் அசைகிறது. வலி இல்லை, ஆனால் வாய் மூடும் ஒவ்வொரு தடவையும் அந்த 'டக்'. மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே நல்ல பல் டாக்டர். பார்த்தார், பல்லின் மேலிருந்த சிறு அடைப்பை எடுத்தார், உள்ளே அடைத்திருந்த வெள்ளை டெஃப்லான் டேப்பைக் கிடுக்கியால் உருவினார், ஸ்குரூ தலை தெரிந்தது. இறுக்கினால் ஐந்து நிமிட வேலை. ஸ்குரூ முடுக்க அவரிடமிருந்த டிரைவர் அந்தத் தலையில் சரியாக உட்காரவில்லை. "எந்தக் கம்பெனிம்மா வச்சாங்க?" என்று கேட்டார். தெரியாது. பில்லை மகள் போனில் காட்டினாள். அதில் 'இம்ப்ளாண்ட் - 10' என்று மட்டும் இருக்கிறது. ஆறு லட்சத்துக்கு அவ்வளவுதான் விவரம். மிக்ஸி வாங்கினால்கூட மாடல் நம்பர் போட்டு கார்டு தருகிறார்கள்!

அவர் எக்ஸ்ரே எடுத்து, வடிவத்தைப் பார்த்து, கொரியா கம்பெனியாக இருக்கலாம், நிச்சயமில்லை என்றார். சரியில்லாத டிரைவரை அழுத்தித் திருப்பினால் ஸ்குரூ தலை மழுங்கிவிடும், அப்புறம் அதை வெளியே எடுப்பதே பெரிய வேலை என்று சொல்லித் தொடாமல் விட்டுவிட்டார். அந்த நேர்மைக்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். எனக்கு வைத்த இடத்துக்குப் போன் செய்தோம். வைத்த டாக்டர் இப்போது அங்கே இல்லையாம். "பழைய ஃபைல் பார்க்கணும், நேர்ல வாங்க" என்று வரவேற்பில் இருந்த பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆறு மணி நேரம் பஸ்ஸில், ஆடுகிற பல்லோடு, அன்று முழுக்கக் கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டு வந்தேன். அங்கே ஃபைலைத் திறந்தால் பத்து ஸ்டிக்கரும் வரிசையாக ஒட்டியிருக்கிறது! கம்பெனி பெயர், நீளம், விட்டம், லாட் நம்பர் எல்லாம் அதில் இருக்கிறது. ஒவ்வொரு இம்ப்ளாண்ட் பெட்டியிலும் நோயாளியிடம் கொடுப்பதற்கென்றே அந்த ஸ்டிக்கர் வருகிறதாம். நான்கு வருடமாக என்னுடையது அவர்கள் அலமாரியில் இருந்திருக்கிறது. ஸ்குரூ புதுசாக மாற்றி, பிரிட்ஜைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட 7,500 ஆனது. பணத்துக்காக நான் கோபப்படவில்லை. என் வாய்க்குள் இருப்பது என்னவென்று என் கையில் ஒரு சீட்டுகூட இல்லாமல் வைத்திருந்தார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

நியாயமாகச் சொன்னால் தப்பு முழுக்க அவர்களுடையது இல்லை. ராத்திரி கார்டு போடுவதை இரண்டு வருடமாக விட்டுவிட்டேன், வருடாந்திரப் பரிசோதனைக்கும் ஒழுங்காகப் போகவில்லை. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய தசைநார் இருக்கும், சோற்றில் ஒரு மணல் கிடந்தால்கூட அதுதான் சொல்லும். இம்ப்ளாண்டில் அது கிடையாது, டைட்டானியம் நேராக எலும்போடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்பது நமக்கே சரியாகத் தெரிவதில்லை. தூக்கத்தில் பல்லை நெறிக்கிறேன் என்பதே ஸ்குரூ கழன்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னொன்று, 'வாழ்நாள் உத்தரவாதம்' என்று அச்சடித்துக் கொடுத்தார்களே, அது எலும்புக்குள் இருக்கும் பாகத்துக்கு மட்டும். அந்தப் பாகம் நீண்ட நாள் நிற்கும் என்பதை நான் சந்தேகிக்கவில்லை. டைட்டானியம் எலும்போடு ஒட்டும் என்று கண்டுபிடித்த ஸ்வீடன் நாட்டு பிரானெமார்க், 1965-இல் முதன்முதலில் வைத்துவிட்ட மனிதர் 2006-இல் இறக்கும்வரை அந்த இம்ப்ளாண்டுகளோடுதான் இருந்தார், நாற்பது வருடம். ஆனால் மேலே இருக்கும் பல்லும் ஸ்குரூவும் தேயும், உடையும், கழலும், அதை மாற்றும் கூலி நம்முடையது. விலை கேட்கப் போகிறவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

தினசரிப் பாடு பெரிதில்லை. ராத்திரி வாட்டர் ஃபிளாசர் வைத்துப் பிரிட்ஜுக்கு அடியில் தண்ணீர் அடிக்க எட்டு நிமிடம் ஆகும். கொய்யா விதையும் முருங்கைக்கீரையும்தான் படுத்தும். சோம்பல் பட்டு விட்டால் ஈறு வீங்கி, எலும்பு கரைந்து, எல்லாம் போய்விடும். சர்க்கரைக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். என் மூன்று மாதச் சர்க்கரை அளவு 9-க்கு மேல் இருந்தது, அதை 7-க்குக் கொண்டுவரும்வரை நான்கு மாதம் டாக்டர் கத்தியைத் தொடவில்லை. அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

தோழிக்குச் சர்க்கரையும் உண்டு, கணவருக்கு இதய ஆபரேஷன் செய்த கடனும் உண்டு. அவளிடம் என்ன சொல்வது? ரசத்தைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் இஎம்ஐ போட்டு முழு வாய்க்கும் வைக்காதே என்றுதான் சொல்லப் போகிறேன். கீழ்த்தாடையில் இரண்டே இரண்டு இம்ப்ளாண்ட் வைத்து, அதன்மேல் பட்டன் மாதிரி அழுத்தி மாட்டும் பல்செட் போட்டுக்கொள்ளலாம். கழற்றிக் கழுவலாம், செலவும் மிகக் குறைவு. 2002-லேயே கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான் என்று சொல்லிவிட்டார்கள். கோயம்புத்தூர் டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும், வைத்த இடத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேல் பல்செட் பெரும்பாலும் தானாகவே ஒட்டி நிற்கும், ஆடிக்கொண்டு உயிரை வாங்குவது கீழ்ப் பல்செட்தான். மேலண்ணம் மூடியேதான் இருக்கும், அந்தச் சூடு அவளுக்குக் கிடைக்காது. கடன் அடைந்த பிறகு மேலே யோசிக்கட்டும்.

எதை வைத்தாலும் அந்த ஸ்டிக்கரை வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். என்னுடையதை ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் செய்து, ஒன்று ஆதார் கார்டோடு பர்ஸில், ஒன்று மகள் வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், காட்டுகிறேன் என்றேன். "அதெல்லாம் இருக்கட்டும்க்கா, நீங்க முறுக்கு கடிக்கிறத நான் நேர்ல பார்க்கணும்" என்றாள்.