காலடிச் சத்தம் கேட்க எந்த ஹெட்செட்? உயர்விலைத் தேர்வுகள் ஐந்தின் ஒப்பீடு

கவுன்டர்-ஸ்டிரைக் 2, வேலரன்ட் போன்ற போட்டி விளையாட்டுகளில் எதிராளி கண்ணில் படுவதற்கு முன்பே காதில் பட்டுவிடுகிறார். சுவருக்கு அப்பால் ஓடும் காலடி, தோட்டா மாற்றும் ஓசை, கையெறி குண்டின் ஊசி உருவப்படும் சிறு சொடுக்கு ஆகியவை எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு தொலைவிலிருந்து வருகின்றன என்று பிரித்தறிய முடிந்தவர், துப்பாக்கியின் குறியை முன்கூட்டியே அந்த மூலைக்குத் திருப்பி வைத்துவிடுகிறார். இதற்காக 200 டாலரோ அதற்கு மேலோ செலவிடத் துணிபவர்களுக்காக நான் இங்கே ஒப்பிடும் கம்பியில்லாத் தேர்வுகள் நான்கு: ரேசர் பிளாக்‌ஷார்க் வி2 புரோவின் 2023 பதிப்பு, லாஜிடெக் ஜி புரோ எக்ஸ் 2 லைட்ஸ்பீடு, ஸ்டீல்சீரிஸ் ஆர்க்டிஸ் நோவா புரோ வயர்லெஸ், ஆடீஸி மேக்ஸ்வெல். இவற்றோடு, விளையாட்டுக்கென்று செய்யப்படாத ஒன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அது சென்ஹைசர் ஹெச்டி 560எஸ் என்ற கம்பி வைத்த ஓப்பன்-பேக் (காதுக் கிண்ணத்தின் வெளிப்புறம் திறந்த) ஹெட்ஃபோன்; மைக் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒப்பிடத் தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. திசையைக் கணக்கிட்டுத் தருவது பெரும்பாலும் விளையாட்டின் நிரல்தான். ஹெட்செட்டின் பங்கு அதைக் கெடுக்காமல் காதில் சேர்ப்பது. வலப்புறம் எழும் ஒலி வலக்காதை எட்டி, அதிகபட்சம் 0.7 மில்லி விநாடிக்குள் இடக்காதை எட்டுகிறது. தலை நடுவில் மறைப்பதால் இடக்காதில் சற்று மங்கியும் கேட்கிறது. காது மடலின் மடிப்புகளில் பட்டுத் தெறிக்கையில் அதன் தன்மையும் மாறுகிறது. முன்னா பின்னா, மேலா கீழா என்பதை மூளை பெரும்பாலும் இந்த மடல் மாற்றத்தைக் கொண்டே அறிகிறது. இவை அனைத்தையும் கணக்கிட்டு இரண்டே ஒலித்தடங்களில் அடக்கித் தரும் ஹெச்.ஆர்.டி.எஃப். என்ற முறை வேலரன்ட்டில் 2021 முதல் இருக்கிறது. கவுன்டர்-ஸ்டிரைக் 2-இல் அந்த வேலையை வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் ஆடியோ செய்கிறது. எனவே பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் 7.1 சரவுண்டுக்காக (சுற்றிலும் ஒலிப்பெருக்கிகள் இருப்பதுபோல் மென்பொருளால் தோன்றச் செய்யும் வசதி) ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. விளையாட்டு ஏற்கெனவே திசை சேர்த்து அனுப்பிய ஒலியின் மேல் ஹெட்செட்டின் மென்பொருள் இரண்டாம் முறையாகச் சரவுண்டு பூசினால், காலடி எங்கிருந்து வருகிறது என்பது மேலும் குழம்பும். இந்த நான்கில் எதை வாங்கினாலும் முதல் வேலையாக அந்த வசதியை அணைத்து, ஸ்டீரியோவில் வைத்துவிடுங்கள்.

அடுத்தது தாமதம். நான்கு கம்பியில்லா ஹெட்செட்டுகளும் கணினியில் செருகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் (ஒலியை அனுப்பிப் பெறும் சிறு செருகி) அல்லது மேசையில் வைக்கும் நிலையப்பெட்டி வழியாகப் பேசுகின்றன. அந்த வழியில் தாமதம் சில பத்து மில்லி விநாடிகளுக்குள் அடங்கிவிடும். சாதாரண புளூடூத்தில் அது 150 மில்லி விநாடியைத் தாண்டுவது இயல்பு. புளூடூத் இருக்கிறதா என்று பார்ப்பது தொலைபேசி அழைப்புக்காக மட்டுமே இருக்கட்டும். போட்டியில் அதன் வழியே விளையாட வேண்டாம்.

பெரும்பாலோர் கடைசியில் வந்து நிற்பது ரேசருக்கும் லாஜிடெக்குக்கும் இடையில்தான் என்பதால் இந்த இணையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். பிளாக்‌ஷார்க் 320 கிராம், புரோ எக்ஸ் 2 345 கிராம். எடையில் பெரிய வேறுபாடு இல்லை என்றாலும், தலையில் உட்காரும் விதத்தில் இருக்கிறது. பிளாக்‌ஷார்க்கின் காது மெத்தைகள் காற்றுப் புகும் துணியால் ஆனவை. கன்னத்தில் ஒட்டிக்கொள்வதில்லை, மூக்குக்கண்ணாடியின் காம்பின் மேலும் மென்மையாகவே அமர்கின்றன. லாஜிடெக்கின் மெத்தை தோல் போன்ற உறையுடன் வருகிறது; பெட்டிக்குள் மாற்றிக்கொள்ள வெல்வெட் மெத்தை ஒரு சோடியும் வைத்திருக்கிறார்கள். குளிர்சாதனம் இல்லாத அறையில் சித்திரை வெயிலில் விளையாடுபவர் முதல் நாளே அந்த வெல்வெட் சோடிக்கு மாறிவிடுவார். அப்படி மாற்றினால் வெளிச்சத்தம் சற்றுக் கூடுதலாகக் கசியும், பாஸ் என்ற தாழ்சுருதி ஒலி கொஞ்சம் குறையும். காலடி கேட்பதற்கு அது இழப்பே இல்லை.

ஒலியில் லாஜிடெக்கின் 50 மில்லிமீட்டர் கிராஃபீன் இயக்கி (ஒலியை எழுப்பும் பகுதி) இசைக்கும் இனிமையாக இருக்கிறது. ஆனால் பாஸ் தூக்கலாக இருக்கும் எந்த ஹெட்செட்டிலும் வெடிச்சத்தத்தின் அடியில் காலடி புதைந்துபோகும். பிளாக்‌ஷார்க்கில் போட்டி விளையாட்டுக்கென்றே சரிசெய்த ஒலி அமைப்பை ஹெட்செட்டிலேயே சேமித்து, ஒரு பொத்தானால் மாற்றிக்கொள்ள முடிகிறது. பாஸைத் தணித்து, காலடியின் உரசல் விழும் மேல் நடுப்பகுதியை அது உயர்த்திக் காட்டுகிறது. மைக்கிலும் ரேசரே முந்துகிறது. கம்பியில்லா ஹெட்செட்டுகளின் மைக் பெரும்பாலும் பழைய தொலைபேசிக் குரலாக ஒலிக்கக் காரணம், குரலுக்கு ஒதுக்கப்படும் அலைவரிசையின் குறுக்கம். ரேசர் அதை 32 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்துக்கு அகலப்படுத்தியதால் கூட்டாளியின் சொல் தெளிவாக விழுகிறது. ஒருமுறை மின்னேற்றினால் 70 மணி நேரம் ஓடும் என்கிறது ரேசர். லாஜிடெக் சொல்வது 50 மணி நேரம். வெளிவந்தபோது விலை முறையே 200 டாலரும் 250 டாலரும்.

லாஜிடெக் எங்கே வெல்கிறது? உறுதியில். காதுக் கிண்ணங்களைத் தாங்கும் அதன் அலுமினியக் கவைகளைப் பார்த்தபின் பிளாக்‌ஷார்க்கின் பக்கவாட்டில் வெளியே தெரியும் மெல்லிய கம்பிகள் கொஞ்சம் கவலை தருகின்றன, குறிப்பாகப் பைக்குள் போட்டுப் போட்டிக்கு எடுத்துச் செல்பவர்களுக்கு. அதைவிட முக்கியமானது, லாஜிடெக்கில் 3.5 மில்லிமீட்டர் கம்பி இணைப்பு உண்டு. 2023 பிளாக்‌ஷார்க்கில் அது கிடையாது. பலர் ஒரே கூடத்தில் அமர்ந்து ஆடும் போட்டிகளில் கம்பியில்லாச் சாதனங்கள் ஒன்றையொன்று இடறும் என்பதால், அமைப்பாளர்கள் கம்பியையே கேட்கும் இடங்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட போட்டிகளுக்குப் போகிறவர் 50 டாலர் கூடுதலானாலும் லாஜிடெக்கை எடுப்பதே சரி. வீட்டிலிருந்தே இணையத்தில் ஆடி ரேங்க் (தரவரிசை) ஏறுபவருக்கு ரேசர் போதும். போதும் என்பதைவிட, இந்த நான்கில் அவருக்குப் பொருத்தமானதே அதுதான்.

ஆர்க்டிஸ் நோவா புரோ வயர்லெஸ் 2022-இல் 350 டாலருக்கு வந்தது. இந்த விலையில் கணிசமான பங்கு மேசையில் வைக்கும் நிலையப்பெட்டிக்குப் போகிறது. சிறிய திரையும் திருகும் கொண்ட அந்தப் பெட்டியில் இரண்டு யூ.எஸ்.பி. வாய்கள் இருப்பதால், கணினியையும் பிளேஸ்டேஷனையும் ஒரே நேரத்தில் இணைத்துவைத்து நொடியில் மாறிக்கொள்ளலாம். பேட்டரிகள் இரண்டு, ஒன்று தலையில் இருக்கும்போது மற்றொன்று பெட்டியின் பக்கவாட்டில் மின்னேறிக்கொண்டிருக்கும். தீர்ந்ததும் காதுக் கிண்ணத்தின் மூடியைக் கழற்றி மாற்றினால் ஆட்டம் தொடர்கிறது. விளையாட்டின் ஒலியோடு புளூடூத் அழைப்பையும் சேர்த்தே கேட்கலாம். இவையெல்லாம் மிகவும் பயனுள்ள வசதிகள், ஆனால் எதிராளியின் காலடியைக் கூடுதல் தெளிவாகக் கேட்க உதவுபவை இவற்றில் எதுவும் இல்லை. மைக்கும் இந்த விலைக்கு மெலிந்தே ஒலிக்கிறது.

இதன் தனிச்சிறப்பு வெளியொலியைத் தணிக்கும் வசதி. மின்விசிறியின் இரைச்சல், கணினியின் காற்றாடிச் சத்தம், தெருவில் நிற்காமல் ஓடும் வண்டிகளின் உறுமல் போன்ற ஒரே சீரான ஒலிகளை அது நன்றாக விழுங்குகிறது. இதனால் ஒலியளவைக் குறைத்தே வைத்துக்கொள்ள முடிகிறது, அது சிறு ஆதாயமில்லை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதற்கு 80 டெசிபெல் வரைதான் பாதுகாப்பு என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. காலடிக்காக ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு, அதே அளவில் துப்பாக்கி வெடிப்பையும் நாள்தோறும் கேட்பவர் அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடுவார். இரைச்சலான வீட்டில், ஒரே ஹெட்செட்டில் கணினியும் கன்சோலும் ஆட வேண்டியவருக்கு மட்டும் இந்த விலை நியாயமாகும்.

ஆடீஸி மேக்ஸ்வெல் பற்றி எழுதும்போது மனம் இரண்டுபடுகிறது. 2023-இல் சோனி கையகப்படுத்திய கலிஃபோர்னிய நிறுவனம் ஆடீஸி. இசைக் கலைஞர்களுக்கான ஹெட்ஃபோன்களால் பெயர் பெற்றது. மற்றவற்றில் இயக்கியின் சவ்வு ஒரு கம்பிச்சுருளால் தள்ளப்படுகிறது. மேக்ஸ்வெல்லில் 90 மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய படலம், காந்த வரிசையின் புலத்தில் முழுப்பரப்பும் ஒன்றாக அசைகிறது. அதனால் பல ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்போதும் அவை கலங்குவதில்லை. கவுன்டர்-ஸ்டிரைக்கின் நியூக் வரைபடம் இதற்கு நல்ல சோதனைக்களம். அங்கே குண்டு வைக்கும் ‘ஏ’ இடத்துக்கு நேர் கீழே ‘பி’ இடம் அமைந்திருக்கிறது. மேலே நின்றுகொண்டிருக்கையில் கேட்கும் ஓட்டம் அதே தளத்திலா, கீழேயா என்று சொல்வதில் பழகிய வீரர்களே தடுமாறுவார்கள். நண்பர் ஒருவரைக் கீழே ஓடச் சொல்லி, அதே நேரத்தில் மேலே இன்னொருவரைச் சுடச் சொல்லிப் பாருங்கள். வெடிச்சத்தத்தின் வால் அடங்குவதற்குள்ளேயே அந்தக் காலடி தனியாகப் பிரிந்து கேட்பது மேக்ஸ்வெல்லில்தான். மின்னேற்றமும் 80 மணி நேரத்துக்கு மேல் நிற்கும். வெளிவந்தபோது விலை பிளேஸ்டேஷன் பதிப்பு 299 டாலர், எக்ஸ்பாக்ஸ் பதிப்பு 329 டாலர். இரண்டும் கணினியில் இயங்கும்.

ஆனால் எடை 490 கிராம். காந்தங்கள் அவ்வளவும் தலைமேல்தான் அமர்கின்றன. பிளாக்‌ஷார்க்கை அணிந்து அதன்மேல் ஒரு கைப்பேசியையும் கட்டிக்கொண்டு விளையாடுவதற்குச் சமம் இது. ஒரு போட்டி ஆட்டம் முடிய 40 நிமிடம் ஆகலாம். தொடர்ந்து மூன்று நான்கு ஆடுபவருக்கு உச்சந்தலையும் பிடரியும் வலிக்கத் தொடங்கினால், கவனம் முதலில் போவது காதிலிருந்துதான். தலையைச் சட்டென்று திருப்பும்போது கிண்ணங்கள் சற்றுப் பின்தங்குவதையும் உணரலாம். கடையில் இரண்டு நிமிடம் போட்டுப் பார்ப்பவருக்கு இது எதுவும் தெரியாது. இசையும் படமும் அதே ஹெட்செட்டில் கேட்பவர், கழுத்து வலி வரலாறு இல்லாதவர், ஓர் ஆட்டத்துக்கு ஒருமுறை கழற்றி வைக்கும் பழக்கமுள்ளவர் மேக்ஸ்வெல்லை வாங்கலாம். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மேக்ஸ்வெல்லின் தெளிவில் பெரும்பகுதியை அதில் பாதி எடைக்குள் தருவது ஹெச்டி 560எஸ். கேபிள் நீங்கலாக 240 கிராம். கிண்ணத்தின் வெளிப்புறம் வலைபோல் திறந்திருப்பதால் ஒலி உள்ளே மோதித் தேங்காமல் வெளியேறுகிறது. காதுக்குள் அடைத்துக் கேட்பதைப் போலன்றி, அறையில் விரிந்து கேட்பதைப் போல் தூரம் புரிகிறது. காதும் வியர்ப்பதில்லை. தாமதம் இல்லை, மின்னேற்றம் இல்லை, டாங்கிள் இல்லை. மின்தடை 120 ஓம் என்றாலும் நல்ல மதர்போர்டின் ஒலிவாயே இதை இயக்கிவிடும். ஓப்பன்-பேக்கில் புகழ்பெற்ற பேயர்டைனமிக் டிடி 990 புரோவின் 250 ஓம் பதிப்புக்குத் தனி ஆம்ப் (ஒலிச் சமிக்ஞைக்கு வலுவூட்டும் கருவி) தேவைப்படுவதைப்போல் இதற்குத் தேவையில்லை. குறை ஒன்றுதான், அது பெரியது: வெளிச்சத்தம் முழுவதும் உள்ளே வரும், உள்சத்தம் வெளியே போகும். பக்கத்தில் தொலைக்காட்சி ஓடும் வீட்டில் இது வீண். கதவை மூடி உட்கார இடமுள்ளவருக்கு, 560எஸ்ஸும் மேசை மைக் ஒன்றும் சேர்ந்த கூட்டை மேற்சொன்ன நான்குமே காலடி அறிவதில் வெல்வது கடினம்.

‘தொழில்முறை வீரர்கள் அணிவது’ என்ற விளம்பரத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் ஒரு வரி. பெரிய கவுன்டர்-ஸ்டிரைக் மேடைகளில் வீரர்கள் விளையாட்டின் ஒலியைக் காதுக்குள் செருகும் சிறிய கம்பி இயர்ஃபோனில்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். மேலே தெரியும் பெரிய ஹெட்செட் பார்வையாளர் கூச்சலையும் வர்ணனையையும் தடுக்கவும், அணிக்குள் பேசவும் பயன்படுகிறது. படத்தில் காணும் பொருளை வைத்து நம் அறைக்கான தேர்வைச் செய்வது பொருந்தாது.

கம்பியில்லா ஒன்றை வாங்கியபின் டாங்கிளைக் கணினியின் பின்புறம் யூ.எஸ்.பி. 3 வாய்களுக்கு நடுவே செருகிவிடாதீர்கள். அந்த வாய்கள் எழுப்பும் மின்னிரைச்சல் இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுகிறது. ஒலி விட்டுவிட்டு வருவதற்குப் பல நேரம் காரணம் இதுவே. ஒரு குட்டி நீட்டிப்புக் கேபிளில் டாங்கிளை மேசைக்கு மேல் கொண்டுவந்து, வைஃபை ரூட்டரிலிருந்து தள்ளி வையுங்கள். திருப்பித் தரும் காலம் முடிவதற்குள், ஆற அமர ஒரு மாலை முழுவதும் கழற்றாமல் அணிந்து விளையாடி, கண்ணாடி போடுபவரானால் கண்ணாடியோடே சோதித்துவிடுங்கள்.