வீட்டில் கார்ன்ட் பீஃப்: உப்புத்தண்ணீரா, உப்புப் பிசறலா? குக்கரா, சிம்மா?

கார்ன்ட் பீஃப் என்பது உப்பில் சில நாள் ஊறவைத்து, மெல்ல வேகவைக்கும் மாட்டுக்கறி. கறிக்கடையில் முதலில் சொல்ல வேண்டியது, “அண்ணே, துண்டு போடாதீங்க, முழுசா வேணும்” என்பதுதான். மதுரையில் மாட்டுக்கறி கேட்டால் கைப்பழக்கத்தில் சுக்காவுக்கு வெட்டுவதுபோல் சிறுசாக வெட்டிவிடுவார்கள். அப்புறம் அது குழம்புக்குத்தான் ஆகும். நெஞ்சுப்பகுதியில், எலும்பு நீக்கி, மேல்கொழுப்பைச் சீவாமல், ஒரே கண்டமாக 1 கிலோ வாங்குங்கள். அது கிடைக்காத நாளில் கெண்டைக்கால் சதை பரவாயில்லை. கொழுப்பே இல்லாத தொடைக்கறி வேண்டாம். வெந்ததும் மரத்தூள் மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் ஒன்றரை, இரண்டு வயது மாட்டுக்கு எழுதியவை. இங்கே 1958-இல் வந்த மாநிலச் சட்டப்படி, பெரும்பாலும் 10 வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாடுதான் கடைக்கு வரும். வயதான மாட்டின் சதையில் இருக்கும் சவ்வு லேசில் கரையாது. அவர்கள் 3 மணி நேரம் என்றால் நமக்கு 4 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊறவைப்பது

கார்ன்ட் என்ற சொல்லில் வரும் ‘கார்ன்’ சோளம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் மணி, பருக்கை என்று பொருள்; இங்கே உப்புப் பருக்கை. நம்ம ஊர்க் கல்லுப்பேதான்.

உப்புத்தண்ணீர் முறையில் 1 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் கல்லுப்பு, 30 கிராம் நாட்டுச்சர்க்கரை போட்டுக் கொதிக்கவிட்டு, முழுக்க ஆறியபின் கறியை அமிழ்த்த வேண்டும். கறி மிதக்கும், மேலே ஒரு தட்டை வைத்து அழுத்தாவிட்டால் வெளியே தெரிகிற பக்கம் கெட்டுப்போகும். ஐந்து நாள் கழித்து எடுத்தால் கரிக்கும் என்பதால், நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஃபிரிட்ஜிலேயே போட்டு உப்பை இறக்க வேண்டும். எவ்வளவு இறங்கியது என்பது வேகவைத்த பிறகுதான் தெரியும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் இந்தப் பாத்திரத்துக்கு இடம் பண்ணுவதே பெரும்பாடு.

பிசறல் முறைக்கு எடைக்கருவி மட்டும் போதும். 1 கிலோ கறிக்கு 25 கிராம் உப்பு, 10 கிராம் நாட்டுச்சர்க்கரை. ஸ்பூன் கணக்கு வேண்டாம். கல்லுப்பும் தூளுப்பும் ஒரே ஸ்பூனில் ஒரே எடை நிற்காது. எல்லாப் பக்கமும் தேய்த்து, காற்றை வெளியேற்றி, ஜிப் கவரில் மூடி, தட்டில் வைத்து ஃபிரிட்ஜின் குளிர்ந்த அடுக்கில் ஐந்து நாள். தினமும் ஒருமுறை திருப்பிப் போடவும். இரண்டாம் நாள் கவருக்குள் நீர் விட்டிருக்கும். அதைக் கொட்டாதீர்கள், அதுவே ஊறல். போட்ட அளவுக்கு மேல் உப்பு ஏற வழியே இல்லை. என் வாக்கு இதற்குத்தான். 2 கிலோவுக்கு மேல் பருமனான கண்டம் என்றால் மட்டும் தண்ணீர் முறைக்குப் போங்கள். கறியைச் சுற்றி ஒரே சீராக உப்பு ஏறும்.

மசாலா இரண்டுக்கும் ஒன்றே: மல்லி 2 டீஸ்பூன், மிளகு 1, கடுகு 1, கிராம்பு 4, வரமிளகாய் 2, பிரிஞ்சி இலை 2. அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டினால் போதும். அவர்கள் போடுவது மஞ்சள் கடுகு. நம் கருங்கடுகுக்குக் காரம் கூட, அதனால்தான் பாதி அளவு. பிரிஞ்சி இலையிலேயே பட்டை வாசம் இருப்பதால் பட்டை தனியாக வேண்டாம். பச்சை இஞ்சி விழுதும் பப்பாளிக்காயும் போடவே கூடாது. சுக்காவுக்கு அரை மணி நேரம் பிசறி வைப்பது வேறு. ஐந்து நாளில் அவற்றின் நொதி மேல்சதையைக் கூழாக்கிவிடும். சுக்கு ஒரு துண்டு போடலாம்.

நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கடையில் வாங்கும் கார்ன்ட் பீஃப் ரோஜா நிறத்தில் இருப்பது, கறியைப் பதப்படுத்தப் போடும் சோடியம் நைட்ரைட் என்ற உப்பால். அதற்குப் பதிலாக உரக்கடை வெடியுப்பை வாங்கிப் போடாதீர்கள். அது உணவுத் தரமில்லை, அளவு கொஞ்சம் மிஞ்சினாலும் ஆபத்து. வெறும் உப்பில் கறி சாம்பல் பழுப்பாகத்தான் வரும். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பக்கம் அப்படியே செய்து சாப்பிடுகிறார்கள். நைட்ரைட் இல்லாததால் ஃபிரிட்ஜின் வெப்பநிலை 4 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. உப்புக்கண்டம் வெயிலில் நிற்பது ஈரம் போவதால். இது ஈரக்கறி, வெளியே வைத்தால் மதுரை வெக்கையில் அன்றைக்கே போய்விடும். பராமரிப்பு மின்தடை அறிவித்த நாள் குறுக்கே வராமல் தொடங்குங்கள். புளித்த வாடையோ பிசுபிசுப்போ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடவும்.

வேகவைப்பது

குக்கரில் 1 கிலோவுக்கு, முதல் விசில் வந்தபின் சிம்மில் 45 நிமிடம். பிரஷர் தானாக அடங்கணும். விசிலைத் தூக்கி ஆவியைப் பிடுங்கினால் கறிக்குள் இருக்கும் நீர் கொதித்து வெளியேறி, சதை வறண்டுபோகும். முறையாகச் செய்தாலும், ஏறக்குறைய 120 டிகிரி சூட்டில் நார் இறுகி, கத்தி வைத்தால் துண்டு நிற்காமல் உதிரும். பரோட்டாவுக்குப் பிய்த்துப் போட நல்லது, தட்டில் அடுக்கிப் பரிமாற ஆகாது.

சிம்மில் வேகவைக்க அடிகனமான எவர்சில்வர் பாத்திரமும் சிறிய பர்னரும்தான் சரி. கறியைக் கழுவி, பச்சைத்தண்ணீர் இரண்டு விரல் மேலே நிற்க ஊற்றி, மெல்லச் சூடேற்றி, நுரையை வழித்தெடுங்கள். தளதளவென்று கொதிக்கவே கூடாது. ஓரத்தில் ஒரு குமிழ், கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, அந்த அளவு போதும். சிம்மிலும் கொதித்தால் பாத்திரத்துக்கு அடியில் இரும்புத் தோசைக்கல்லை வையுங்கள். சூடு பரவி அடங்கிவிடும். 3 மணி நேரத்துக்குப் பிறகு முள்கரண்டியால் குத்திப் பாருங்கள். தூக்கும்போது கறியும் கூடவே வந்தால் இன்னும் வேகணும், வழுக்கிக்கொண்டு வெளியே வந்தால் ஆச்சு.

நாலு மணி நேரம் கேஸ் எரிக்க மனசு வராதவர்கள் குக்கரில் 25 நிமிடம் வைத்து, அடங்கியதும் திறந்து, சிம்மில் ஒன்றேகால் மணி நேரம் விடலாம். சிம்முக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். அடுப்பில்லாமலே சூட்டைப் பிடித்துவைக்கும் தெர்மல் குக்கர் இருந்தால் அரை மணி கொதிக்கவிட்டு மூடி, மூன்று மணிக்கு ஒருமுறை திரும்பக் கொதிக்கவைத்து, மொத்தம் எட்டு மணி நேரம். சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்க விடக் கூடாது. ரைஸ் குக்கரின் வார்ம் பொத்தானை நம்ப வேண்டாம்.

காய்கறியை எந்த முறையிலும் கறியோடு முதலிலேயே போடாதீர்கள். வெந்த கறியை எடுத்து, ஒரு கரண்டி சாறு ஊற்றி மூடிவைத்துவிட்டு, அதே சாற்றில் பாதியாக வெட்டிய கொடைக்கானல் உருளையும் கேரட்டும் 25 நிமிடம், தண்டோடு நாலாக வகுந்த முட்டைக்கோஸ் கடைசி 12 நிமிடம். சாற்றை முதலில் ருசி பாருங்கள். கரித்தால் பாதியை எடுத்துவிட்டு வெந்நீர் சேருங்கள்.

அறுக்கும்போது நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே, பென்சில் கனத்துக்கு வெட்டவும். நாரோடு சேர்த்து வெட்டினால் நாலு மணி நேரம் வெந்த கறியும் வாயில் சவ்வாக இழுக்கும். மிஞ்சியதைச் சாற்றோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் கெட்டியானதும் மெலிதாக வெட்ட வரும். சின்ன வெங்காயம், மிஞ்சிய உருளையோடு தோசைக்கல்லில் மொறுமொறுவென்று பிரட்டினால் காலைப் பலகாரத்துக்கு ஆகிவிடும்.